பூவுக்கு நிழல் பிடித்தவள்

இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சின்ன வயதில் எனக்காக அம்மாவிடம் மூட்டை மூட்டையாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இல்லாததை இருக்கிறது என்கிற ஆள் அவள் இல்லை. வேலையே அப்படி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பில் கீறல் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

நாள் முழுக்க அவள் வாயில் மூன்றே வார்த்தைகள்தான். மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. சரி, விடலாம். தூக்கத்திலும் இதையே உளறுகிறாள் என்று அத்தான் கிண்டல் செய்வார். அத்தான் போய் நான்கு வருடமாகிறது. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு அறை வீட்டில் பிரிட்ஜ் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அக்கா வெளியே கிளம்பினாள் என்று நினைக்கிறேன். மகள் அனுப்பிய கேமரா சும்மா கிடந்தது. ஊரை ஒட்டி ரயில்வே கேட், அதைத் தாண்டினால் கைவிடப்பட்ட பழைய தண்டவாளம். உழவும் இல்லை, மருந்தடிப்பும் இல்லை. அதனால் அந்த மண்ணுக்கே உரிய பூவெல்லாம் அங்கே தானாக முளைக்கும். மழைக்கு எது, பனிக்கு எது, வெயிலுக்கு எது... ஒரு வருடம் முழுக்கப் பார்த்துப் படம் எடுத்துவிடுவது என்று இறங்கினாள்.

முதல் மழை முடிந்ததும் விஷ்ணுகிரந்தி பூத்தது. நகக்கண் அளவு நீலம். குப்புறப் படுத்துத்தான் எடுக்க வேண்டும். காற்று விடவில்லை. ஆறேழு படம் எடுத்தாள், எல்லாம் கலங்கல். பழக்க தோஷத்தில் பூவிடமே சொன்னாள்.

"மூச்சை இழுத்துப் பிடி. அசையாதே."

பூ நின்றது.

படம் அருமையாக விழுந்தது. எழுந்தபோதுதான் கவனித்தாள். சுற்றிலும் புல் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு செடி மட்டும் ஆடவில்லை.

சரி, ஏதோ மேடு பள்ளம், காற்றை மறைத்திருக்கும் என்று வந்துவிட்டாள்.

பனிக்காலத்தில் தும்பை. வெள்ளைப் பூவை வெயிலில் எடுத்தால் வெளுத்துப்போய் இதழே தெரியாது. மேகம் வரட்டும் என்று காத்திருந்தாள். சற்று நேரத்தில் பூவின்மேல் மெல்ல ஒரு நிழல் விழுந்தது. எடுத்தாள். நிமிர்ந்தாள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மேகம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நிழலின் ஓரம் நேராக இல்லை. பிரிந்த நூல்கள் தொங்கின. யாரோ பழைய துணி ஒன்றை விரித்துப் பிடித்த மாதிரி.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"அத்தான் போனதுக்கப்புறம் எனக்கு யாருடி குடை பிடிச்சாங்க?" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் போனாள். ஒவ்வொரு வாரமும் நிழல் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "வந்துட்டியா?" என்பாள், அவ்வளவுதான். மகள் போன் செய்தாளா, மூட்டு வலி எப்படி இருக்கிறது, எல்லாம் பூவைப் பார்த்தபடியே சொல்வாளாம். பதில் வராது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. கேட் கீப்பர், பக்கத்திலிருந்த சின்னக் கதவைத் திறந்து அவளை விடுவார். அவள் கடந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே ஒரு கணம் நிற்பார். பிறகுதான் மூடுவார்.

கோடை வந்தது. பூவெல்லாம் கருகியது. நெருஞ்சி மட்டும் மஞ்சளாக ஆங்காங்கே. எடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போனாள்.

அன்று மணி பதினொன்று இருபது இருக்கும். தண்டவாளம் பாறையை வெட்டிக்கொண்டு போகிற இடம். பாறை அடியில் ஒரு வெள்ளைப் பூ. ஒற்றைப் பூ. இலை இல்லை, வெறும் தண்டு. இத்தனை மாதத்தில் அவள் பார்க்காத பூ.

குப்புறப் படுத்தாள். நிழல் வந்தது. இந்த முறை பூவின்மேல் விழவில்லை.

அவள்மேல் விழுந்தது.

முதுகு குளிர்ந்தது. கோடை உச்சி வெயில்... ஈரத் துணியைப் போர்த்தியது போலக் குளிர். நிழலின் நூல்கள் அவள் கைமேல் அசைந்தன.

இடது காதோரம் ஒரு குரல்.

"மூச்சை இழுத்துப் பிடி."

அவளுடைய குரல். அதே இழுப்பு, அதே களைப்பு.

"அசையாதே."

அக்கா அசையவில்லை. அசைய முடியவில்லை. மூச்சும் நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் பேரை அப்படி நிறுத்தியிருப்பாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சரி, விடலாம். அதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது.

வரவில்லை...

க்ளக்.

அவள் விரல் கேமராவில் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் புதுப் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஊதியது. அந்த அதிர்ச்சியில் மூச்சு வந்தது. கேமராவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். கேட் வரை திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். அந்தச் சத்தம் அன்றைக்குத் துணையாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த மழை தொடங்கியிருந்தது. காய்கறிக் கடையில் கேட் கீப்பரைப் பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? ஆளையே காணோம்."

"வேலை ஜாஸ்திங்க."

"அதானே பாத்தேன். உங்க கூட வருவாங்களே, அந்தம்மா மட்டும் வாராவாரம் தனியா வர்றாங்க. அந்தப் பாறைகிட்ட துணிய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு குந்தியிருக்காங்க. மழையிலயும்."

அக்கா கையிலிருந்த பை நழுவியது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"போன வாரம் என்கிட்ட வந்து, உங்க வீடு எங்கன்னு கேட்டாங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. வழி சொல்லி அனுப்பினேன். வந்தாங்களா?"

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கடையிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்ட். உடுத்திய துணியோடு, காய்கறிப் பையோடு, இருட்டுவதற்குள் என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே கூட்டிவந்து சாப்பிட வைத்தேன். மறுநாள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இனி இங்கேயே இரு என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். என் போன் அடித்தது. அக்காவுடைய பக்கத்து வீட்டம்மா.

"உங்க அக்கா திரும்பி வந்துட்டாங்க போல? ஒரு வார்த்தை சொல்லலையே."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வெளிய பூட்டு தொங்குது. ஆனா உள்ள ரெண்டு பேர் பேசிச் சிரிக்கிறது சுவர் தாண்டிக் கேக்குது. ஒண்ணு யாருன்னு தெரியல. இன்னொண்ணு உங்க அக்கா குரல்தான். இத்தனை வருஷத்துல அவங்க சிரிச்சு இன்னைக்குத்தாங்க கேக்குறேன்."

எனக்கு எதிரே, தரையில் உட்கார்ந்து அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி போன்ல?" என்றாள்.

"ராங் நம்பர்" என்றேன்.