மார்கழியில் எடுத்த வண்டி

விலை பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். யார் வீட்டில் பம்பு செட்டுக்கு மோட்டார் வாங்கினாலும், பழைய டிராக்டர் வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். நான் அதில் பாதியைக் கேட்பேன். அவர் சிரிப்பார். நான் எழுந்து வாசல்வரை நடப்பேன், அவர் கூப்பிடுவார். கூப்பிடாத இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றி நான் தெருவில் பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்ட நான், எங்கள் வீட்டுக்கென்று ஒரு புதுக் காருக்கு விலை பேச வேண்டி வந்தபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பேசியது என் மனைவி. அன்றைக்கு என் கண்ணால் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

காருக்கு ஆசைப்பட்டு நாங்கள் போகவில்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில். போகும்போது எப்படியாவது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது அம்மாவால் தலையைத் தூக்கவே முடியாது, வாடகைக் கார்தான். குறுவை நெல் விற்ற பணத்தை அந்த வாடகை கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தது. அம்மா காரின் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தாலும், இறங்கும்போது நான் டிரைவரிடம் எவ்வளவு எண்ணிக் கொடுக்கிறேன் என்பதை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துவிடுவாள்.

ஒரு நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். வாய்க்காலை ஒட்டின நிலத்தை ஒத்திக்கு விடலாம். பணம் கொடுக்கிறவர், நாம் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் அதில் பயிர் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில் சொந்தமாகக் கார் எடுத்துவிடலாம் என்றேன். படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"என் பேரைச் சொல்லி ஒரு குழி நெலத்தை ஒத்திக்கு விட்டாலும் சரி, கடன் வாங்கினாலும் சரி, அதோட நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். இந்த வாடகையும் எத்தனை நாளைக்குடா குடுப்பே? இந்த வருசத்தோட போதும். அதுக்கு மேல என்னைக் கூப்பிடாதீங்க."

அம்மா சொன்னால் சொன்னதுதான். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தெரிந்தேதான் சொல்கிறாள். நிலமும் போகக் கூடாது, கடனும் ஆகக் கூடாது, வாடகையும் நிற்க வேண்டும். நாங்கள் சேர்த்துவைத்திருக்கிற பணத்துக்குள் ஒரு வண்டி வந்தால் அம்மா ஆஸ்பத்திரிக்கு வருவாள், வராவிட்டால் இல்லை. பழைய வண்டி பார்க்கலாமே என்றால், அம்மாவை வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் நான் மட்டும் தஞ்சாவூருக்குப் போய் இரண்டு ஷோரூம்களில் என் வித்தையைக் காட்டினேன். முதல் இடத்தில் பாதி விலை கேட்டேன். எனக்குக் காபி கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் எழுந்து வாசல்வரை நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் மட்டும் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் வைத்தார். நானே திரும்பி உள்ளே போய், மறுபடி உட்கார்ந்து, கடைசியில் காலுக்கடியில் போடும் மேட்டும் முன்னால் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பிள்ளையாரும் இலவசம் என்கிற அளவுக்கு அவர்களை இறக்கினேன். கையிலிருந்த பணத்துக்கும் அவர்கள் சொன்ன விலைக்கும் நடுவே ஒரு லட்சத்துக்கு மேல் பள்ளம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையாரைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பிறந்த ஊர் பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரையில். அவள் அம்மா, காலையில் படகு வந்ததும் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, பட்டுக்கோட்டை மார்க்கெட்டில் விற்பவர்.

"எங்கம்மா ஏலத்துல நிக்கறப்ப மீனைப் பாக்கவே மாட்டாங்க. வெயில் எவ்வளவு ஏறியிருக்குன்னுதான் பாப்பாங்க. கொஞ்சம் வெயில் ஏறட்டுங்க" என்றாள்.

"காருக்கு என்ன வெயில்? அது என்ன கெட்டா போகும்?"

"போகும். வருசம் முடிஞ்சா இந்த வருசத்து வண்டி போன வருசத்து வண்டி ஆயிடும். நடுவுல மார்கழி வேற வருது. மார்கழியில நம்ம பக்கம் யாரு வண்டி எடுக்கறா?"

யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மார்கழியில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது, புது சைக்கிள்கூட வீட்டுக்குள் வராது. கோலம் போடலாம், கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கிச் சாப்பிடலாம், அவ்வளவுதான். எல்லாரையும் மாதிரி மார்கழியில் பணத்தைக் கட்டிவிட்டுத் தை பிறந்ததும் வண்டியை எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அம்மா கொடுத்திருக்கும் கெடு இந்த வருஷத்தோடு முடிகிறதே. அதைக் கேட்டதற்கு, "பாக்கலாங்க" என்றாள். அவள் 'பாக்கலாம்' என்றால் மேற்கொண்டு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு பேரும் போனோம். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேசாதீங்க."

நான் வாசல்வரை நடந்த அந்த இரண்டாவது ஷோரூம் வெறிச்சென்று இருந்தது. கார்த்திகையில் நான் போனபோது உட்கார நாற்காலிக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பளபளவென்று வண்டிகள் நிற்க, டை கட்டியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மூன்று பேர் எழுந்தார்கள். அதில் ஒருவர் எங்களை உட்காரவைத்து விலைப் பட்டியலை நீட்டினார்.

அவள் மொத்த விலையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இது எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த செலவு என்றார். "அது வண்டி விலையிலயே வந்துடுதே?" என்றாள். பிறகு பேசாமல் இருந்தாள். சண்டை இல்லை, முறைப்பு இல்லை, பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிற வாத்தியார் மாதிரி இருந்தாள்.  ஏதாவது சொல்லி அந்த மனிதரைக் காப்பாற்றிவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். மேஜைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே அந்த வரியை அடித்தார்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். வெளியே போட்டால் என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மெதுவாகச் சொன்னாள், மறுபடி மௌனம். அவர் உள்ளே போய்விட்டு வந்து அதே விலைக்குக் கொண்டுவந்தார். அடியில் பூசுகிற பூச்சு, மேலே பூசுகிற பூச்சு, நான்கு வகை உறைகள் என்று பட்டியலில் பாதி அடிபட்டது. எனக்கு என் வித்தையை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் இத்தனை வருஷமாக விலை பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியும் பள்ளம் முழுதாகத் தூரவில்லை. பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. அதற்கு மேல் முடியாது என்று மேலாளரே வந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், நரைத்த மீசை. "இதுக்குக் கீழ என் கையில இல்லைங்க மேடம். பணத்தைக் கட்டி இப்ப பில் போட்டுக்கங்க, எல்லாரையும் போலத் தை மொத தேதி மாலை போட்டு வண்டியை எடுத்துக்கங்க" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. யாருக்கும் தெரியாமல் கைமாற்று வாங்கிவிடலாமா, எந்தச் சொந்தக்காரனிடம் கேட்கலாம் என்று என் மனசு அலைய ஆரம்பித்துவிட்டது.

அவள் மேலாளரிடம் கேட்டாள்: "பில் போட்ட எல்லாருமே தைக்குத்தான் கேக்கறாங்களா சார்?"

"டெல்டாவுல வேற எப்படி மேடம்? மார்கழியில யாரு தொடுவா?"

"நம்பர் பதிஞ்சு வெளிய போனாத்தானே கம்பெனி உங்ககிட்ட கேக்கற இந்த வருச விற்பனைக் கணக்குல சேரும்?"

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இதையெல்லாம் எங்கே விசாரித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நாங்க இந்த வருசத்துக்குள்ளயே பதிஞ்சு எடுத்துக்கறோம் சார். மார்கழியிலயே" என்றாள். அப்புறம் எங்கள் கையில் இருந்த பணம் எவ்வளவோ அதை, ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இந்தக் காவிரிப் பாசனம் முழுக்க ஒரே பழக்கத்தில் தைக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்குள் ஒரு விலை ஒளிந்திருப்பது இவள் ஒருத்தி கண்ணில் பட்டிருக்கிறது. என் கூடவேதான் சாப்பிடுகிறாள், என் கூடவேதான் தூங்குகிறாள். எனக்கு எதுவுமே தெரியவில்லை. மேலாளர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் நடப்பதும் தலையைச் சொறிவதும் தெரிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வந்து, "சரிங்க மேடம்" என்றார். "மார்கழின்னு பின்னாடி மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டோம்" என்றாள். நான் அவள் காதில், "இன்னும் ஏதாவது கேளேன், பிள்ளையாரையாவது கேளு" என்றேன். "போதுங்க" என்று எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மார்கழியில் எடுத்த வண்டியில் அம்மா கால் வைப்பாளா? வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால்கூட ஒரு வாரம் பேசாதவள் என் அம்மா.

"அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுட்டியா?"

"இல்லைங்க."

"அடிப்பாவி! ஏற மாட்டேன்னுட்டா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே, கதிர் வாங்கி நிற்கிற சம்பா வயலைப் பார்த்தபடி சொன்னாள்: "மொதல்ல ஏலத்துல எடுத்தாத்தாங்க மார்க்கெட்டுக்குப் போக முடியும்." அவ்வளவுதான் சொன்னாள். அவள் அம்மா தினமும் காலையில், எடுத்தது விற்குமா விற்காதா என்கிற இந்தப் பயத்தோடுதான் கூடையைத் தூக்கியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

வருஷத்தின் கடைசி நாள் மதியம் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். மாலை இல்லை, தேங்காய் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்கள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மார்கழியில எடுத்திருக்கீங்க" என்றாள்.

நான் சமாதானம் சொல்லக் கிளம்பினேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இறங்கி வந்து முன்சீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஷோரூமில் இருந்த மாதிரியே பேசாமல் நின்றாள்.   அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் ஒரு மனுஷனே இல்லை.

கடைசியில் அம்மாதான் கேட்டாள். "என்ன வெலை?"

அவள் சொன்னாள். முதலில் கேட்ட விலையையும், முடிந்த விலையையும், நடுவில் அடித்த ஒவ்வொன்றையும் சொன்னாள். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"நெலம்?"

"அப்படியே இருக்கு அத்தை."

"கடன்?"

"ஒரு பைசா இல்ல."

அம்மா வண்டியைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தாள். மார்கழி வெயில் சீட்டின் மேல் விழுந்து கிடந்தது. 

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டாள் அம்மா.

"அஞ்சரைக்கு அத்தை" என்றாள். அத்தனை பேரை வாயடைக்க வைத்தவள், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா என்னைப் பார்த்து, "அஞ்சரைக்காம். எழுப்பி விடுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.