அமெரிக்காவில் நடந்த காதுகுத்து

கணினி பழுது பார்க்கும் தொழிலில், திரை கறுத்துப்போனால் ஊரே பதறும். தேதி புரண்டால் நாம் மட்டும்தான் பதற வேண்டும். உங்களுக்கும் நடந்திருக்குமே!

கோழிக்குச் சொல்லவில்லை

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் கடை. முதலாளி பழைய கணினிகளில் லினக்ஸ் ஏற்றி விற்பார். அப்படி ஒன்றை வாங்கியவர் உஜோங் பாசிர் செல்வி அக்கா. விசேஷ வீடுகளுக்குச் சமைப்பவர்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக் கல்யாணத்துக்கு 09/08 என்று தட்டியிருக்கிறார். கணினி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்து, அதைச் செப்டம்பர் எட்டாக வைத்துக்கொண்டது. பெண்ணின் அம்மா, "நாளைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று போன் போட்டபோது அக்கா கோழிக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொந்தபந்தங்களைக் கூட்டி எப்படியோ சமைத்து முடித்தவர், கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

கணினியின் நாட்டு அமைப்பை மாற்றலாமென்று பார்த்தால், ஆங்கிலத்துக்குச் சிங்கப்பூர் இருக்கிறது, நம் மலேசியா இல்லை. தமிழ் என்றால் இந்தியாவும் இலங்கையும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பிரிட்டனைப் போட்டேன். அக்கா கேட்டார்: "மலாக்காவுல உக்காந்துக்கிட்டு நான் அமெரிக்காவுக்கா சமைக்கிறேன்?"

மறுபடியும்

அடுத்த வாரமே கணினி திரும்பி வந்தது. அணைத்துப் போட்டேன், மறுபடி மாற்றினேன், அமெரிக்கா அசையவில்லை. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாளைத் தட்டினால் ஏற்க மறுக்கிறது, சரி. பன்னிரண்டுக்குள் என்றால் கமுக்கமாக மாதத்தையும் நாளையும் மாற்றிப் போடுகிறது. அந்தக் கள்ளத்தனத்தைப் பார்த்துத்தான் எனக்கு எரிந்தது. முதலாளி கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "தேதிய விடும்மா, மிஷின் ஓடுதுல்ல?"

வாயை அடைத்த வரி

கோப்புகளைக் கிளறியபோது அகப்பட்டது: LC_ALL என்று தொடங்கும் ஒற்றை வரி. மற்ற அமைப்பை எல்லாம் மிதித்துக்கொண்டு 'எல்லாம் அமெரிக்கா' என்று நிற்கும் வரி. கணினி திறக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்ததாம். அதன் வாயை அடைக்க முதலாளியே போட்டாராம். கணினிக்குக் குறித்த மொழி இன்னும் தயாராகவில்லை என்பதுதானய்யா அந்த எச்சரிக்கை! வரியைப் பிடுங்கினேன், பிரிட்டன் ஆங்கிலத்தை முறையாகத் தயார் செய்தேன். எச்சரிக்கை தானாகவே அடங்கியது.

ஏற்கெனவே பதிந்தவற்றை அக்காவும் நானும் கையால் திருத்த உட்கார்ந்தோம். அக்டோபர் நாலுக்கு என் வீட்டு விசேஷத்துக்காக நான் சொல்லியிருந்த விருந்தைக் காணவே காணோம். தேடினால், முடிந்துபோன விருந்துகளுக்குள் கிடக்கிறது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "தங்கச்சி, உன் மகளுக்கு ஏப்ரல் மாசமே அமெரிக்காவுல காது குத்தியாச்சாம்!"

காதுகுத்து சொன்ன தேதியில் மலாக்காவிலேயே நடந்தது. பந்தியில் முதலாளியைப் பார்த்ததும், என் மகளைவிடச் சத்தமாகக் கத்தியது நான்தான்.