அப்பாவைக் கேள், அம்மாவைக் கேள்

பின்னேரத்தில் எங்கள் வாய்க்கால் ரோட்டால் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ வரும். அதன் பாட்டுச் சத்தம் கேட்டதும் ஊர் நாய்கள் எல்லாம் ஒருமித்து ஊளையிடும். நேற்று அதில் புதுச்சரக்காக நீட்டுப் பாண் வைத்திருந்தார்கள். முழங்கை நீளம் இருக்கும். “ஐயா, இது பிரெஞ்சுப் பாண். ஒருக்கா எடுத்துப் பாருங்கோ” என்றார் பாண்காரர். நான் இதைப் பிரான்சிலேயே சாப்பிட்டவன் என்று சொல்ல வாய் உன்னியது. சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் மட்டும் வயற்சேறோடு நிற்கிறவன் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். உடைத்தால் மேலோடு நொறுங்கவில்லை, சவ்வு மாதிரி இழுபட்டது. ஆனால் வாசம் மட்டும் அங்கத்தைய வாசம்தான். குசினிக்குள் அது பரவினதும் என் மனிசியின் நினைவும் கூடவே வந்து கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். கடைசிச் சண்டை எங்கள் பக்கம் வருவதற்கு முன்னமே அவளை மனிசியின் தம்பியோடு கொழும்புக்கு அனுப்பினோம். அங்கிருந்து எப்படியோ பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிறகு பாரிசில் கலியாணம் கட்டி, வேலை எடுத்து, எங்களுக்கு விசாவும் எடுத்து அனுப்பினாள். வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற விசா. சிவனே என்று வெளிக்கிட்டோம்.

நாங்கள் இரண்டு பேரும் அதுவரையும் ஊர் பார்க்க என்று எங்கும் போனதில்லை. உருத்திரபுரத்திலிருந்து கிளம்பி, விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே கிழக்கே நகர்ந்து, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் போய் நின்றதுதான் எங்கள் நெடும்பயணம். அதற்கப்பால் போக நிலம் இருக்கவில்லை. சொந்தக்காரர் யாராவது கலியாணம் முடிந்த கையோடு நுவரெலியா போன கதையைச் சொன்னால் மனிசி விடாது. “நாங்களும் ஊர் ஊராப் போனனாங்கள்தானே. ட்ரக்டரில, கோழிக்கூட்டோட” என்று சொல்லிச் சிரிக்கும்.

அந்த நாளில் வன்னியில் எல்லா வீட்டிலும் ஒரு பை கட்டியபடி இருக்கும். செல் குண்டு விழத் தொடங்கினால் வேறொன்றையும் தேடாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். காணி உறுதி, அடையாள அட்டை, ஒரு சாரம், ஒரு சீலை, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, பனங்கட்டித் துண்டு. எங்கள் பையில் கூடுதலாகக் காகிதத்தில் மடித்த ஒரு திருநீற்றுச் சரையும், அம்மன் படமும், கற்பூரமும். சண்டை முடிந்து, முகாமில் இருந்து, ஊருக்கு வந்து, வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டினோம். பை மட்டும் அவிழவில்லை. மனிசி அதைக் கிளிநொச்சிச் சந்தைக்கும் கொண்டு போகும். பிரான்சுக்கும் கொண்டு வந்தது.

பாரிசில் ஒரு பெரிய மாதா கோயிலுக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். எந்தத் தெய்வமென்றால் என்ன, கும்பிட்டால் குறைந்தா போய்விடுவோம்? வாசலில் ஒரு காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். நெருப்புப்பெட்டியை எடுத்தான். மெழுகுதிரியை எடுத்தான். பிறகு சாம்பல் நிறத் தூள் உள்ள ஒரு சரையும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகளும் வந்தன. அவனுடைய முகம் மாறிவிட்டது.

“பிள்ளை, கற்பூரம் எண்டு சொல்லன்” என்றது மனிசி.

“அதுக்கு இவையின்ர பாசையில என்ன எண்டு எனக்குத் தெரியாதம்மா.”

“அப்ப மணந்து பாக்கச் சொல்லு.”

அவன் உண்மையாகவே மணந்து பார்த்தான். தொடர்ந்து தும்மினான். மனிசி சட்டென்று அவன் நெற்றிக்கு நேரே கையை நீட்டி, “பிள்ளையாரப்பா” என்றது, தும்மினால் ஊரில் குழந்தைக்குச் சொல்வதைப் போல. அவன் சிரித்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டான். மகளுக்குத்தான் வெட்கம். திரும்பி வரும்போது ரயிலுக்குள் கேட்டாள், “அம்மா, இதை வீட்டில வைச்சிட்டு வந்தா என்ன? வீட்டைப் பூட்டித்தானே வாறம்?”

“பூட்டிப்போட்டுத்தான் பிள்ளை அங்கயும் வெளிக்கிட்டனாங்கள்” என்றது மனிசி.

கோடை விடுமுறையில் மகள் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். மருமகனுக்கு உணவுக்கடை வேலையில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் இருவரையும் பின் சீற்றில் இருத்தி, கடற்கரைப் பக்கமாகக் கொண்டு போனாள். ருவான் என்று ஒரு பழைய நகரம். வீடுகளெல்லாம் மரச்சட்டம் வைத்து, கூனிக்கொண்டு நின்றன. அதற்கப்பால் டியெப் என்ற கடற்கரை ஊர். அங்கே மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி வைத்து, தீமிதிப்பில் புதிதாக இறங்கினவன் மாதிரித் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எத்தனை காலம். மனிசியும் சிரித்தது, ஆனால் கடலுக்கு முதுகு காட்டித்தான் இருந்தது. மடியில் பை.

பிறகு எல்லை கடந்து பெல்ஜியத்தில் ஒஸ்டெண்ட். எல்லை கடந்ததே எங்களுக்குத் தெரியாது. “எங்க செக்பொயின்ற்?” என்று கேட்டேன். “அப்பிடி ஒண்டும் இல்லை அப்பா” என்றாள் மகள். சோதனைச்சாவடி இல்லாத எல்லையைக் கடவுள் ஏன் எங்களுக்கு முன்னமே காட்டவில்லை என்று நினைத்தேன். கேட்கக்கூடாத கேள்வி, அவர் மன்னிப்பார்.

அங்கே கரை நல்ல மணல். கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் வாளியும் மண்வெட்டியுமாகக் குழி தோண்டி, அதற்குள் இறங்கி இருந்து விளையாடினார்கள். மனிசி அந்தக் குழிகளை, எங்கள் பதுங்குகுழிகளைப் பார்க்கிற மாதிரிக் கனநேரம் பார்த்தது.

“இது இடியும். சீலையில மணல் கட்டிச் சுத்தி அடுக்கோணும்.”

நான் சொன்னேன், “இஞ்சாரும், அதுகள் விளையாடுதுகள்.”

“தெரியுமப்பா. பாத்தாலே தெரியுது, வெளியில வாறதுக்கு அவசரப்படாததுகள் எண்டு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் மீன், மச்சம் தொடுவதில்லை. காலமை திருநீறு பூசி, சிவபுராணம் சொல்லி முடித்துக் கடற்கரைக்கு இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தபின் மகள் என் கையைக் கிள்ளினாள். கண்ணால் முன்னுக்குக் காட்டினாள். மனிசி முன்னால் நடந்துகொண்டிருந்தது, இரண்டு கையையும் வீசி. பை இல்லை. அறையில் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் ஏதோ சொல்ல வெளிக்கிட, மகள் உதட்டில் விரலை வைத்தாள். மனிசி தண்ணீர் வரைக்கும் போய், கணுக்கால் நனைய நின்று, கடலைப் பார்த்துக் கும்பிட்டது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது கடலை நேரே பார்த்தது.

மகளுக்கு அது சகுனமாகப் பட்டிருக்க வேண்டும். மத்தியானம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வந்து, அது மீன் பொரித்த எண்ணெயா என்று மனிசி கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்து, மெல்லத் தொடங்கினாள்.

“அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் என்னோடயே இருங்கோவன். நான் எல்லாம் விசாரிச்சு வைச்சிருக்கிறன். லோயரோட கதைச்சனான், வழி இருக்காம். எனக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?”

மனிசி பொரியல் ஒன்றை எடுத்து, அதைப் பார்த்தபடி சொன்னது, “அப்பாவைக் கேள்.”

மகள் என்னைப் பார்த்தாள்.

“அம்மாவைக் கேள்” என்றேன்.

“அம்மா உங்களைக் கேக்கச் சொல்லுறா.”

“அம்மாக்கு விருப்பமெண்டா எனக்கென்ன?”

“அவருக்கு விருப்பமெண்டா எனக்கென்ன?” என்றது மனிசி.

“நீங்கள் ரெண்டு பேரும் பந்தெறிஞ்சா விளையாடுறீங்கள்?” என்று மகள் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்போடு கதை நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் எப்போதும் அப்படித்தான். இடம்பெயரும்போதுகூட, போவோமா இருப்போமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம், செல் வந்து முடிவெடுக்கும் வரையும். ஒஸ்டெண்டில் செல் வரவில்லை. விசா முடிகிற நாள்தான் வந்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் தோளில் முகத்தை வைத்தபடி, “எப்ப வாறீங்கள்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியை வைக்கும்போது அதே கேள்வி. நாங்கள், “கடவுள் விட்ட வழி பிள்ளை” என்போம்.

ஊருக்கு வந்து அடுத்த சிறுபோகத்தில், வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, மனிசி கதையோடு கதையாகச் சொன்னது. “நீங்கள் ஓம் எண்டிருந்தா நான் அங்க இருந்திருப்பன்.”

நான் கோப்பையை வரம்பில் வைத்தேன். “உமக்குக் கோயிலை விட்டு, வைகாசிப் பொங்கலை விட்டு இருக்கேலாது எண்டெல்லோ நான் பேசாமல் இருந்தனான்.”

“நான் நினைச்சன், உங்களுக்கு வயல் இல்லாட்டி மூச்சு முட்டும் எண்டு.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு கிழடுகளும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, பெற்ற பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். சிரித்து முடிய நான் எழும்பினேன். இப்பவே மகளுக்குச் சொல்வோம் என்றேன். “போனில சொன்னா அழும். நெல்லு வெட்டி முடியட்டும், வாறம் எண்டு நேராச் சொல்லுவம்” என்றது மனிசி.

வெட்டி முடியவில்லை. கதிர் பழுக்கிற நேரத்தில் ஒரு காலமை மனிசி பூப்பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே சிவபதம். மகளிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் ஏலாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் தாயின் கிரியைகளை அதில் பார்த்தாள். நான் நிமிர்ந்து அந்தப் போனைப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று அவள் கேட்டாள், “அப்பா, நீங்களெண்டாலும் வாங்கோ.” வருசம் திரும்பி வரும் ஆட்டைத் திவசம் முடியும் வரை கொள்ளி வைத்தவன் கடல் கடக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதைத்தான் நானும் சொன்னேன். “திவசம் முடியட்டும் பிள்ளை.” அவள் சரியென்றாள்.

திவசம் முடிந்து இப்போது இரண்டு போகமும் விளைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எடுக்கத் தவறுவதில்லை. மழை பெய்ததா, முதுகு நோ எப்படி என்று எல்லாம் விசாரிப்பாள். எப்ப வாறீங்கள் என்று மட்டும் கேட்பதில்லை. எங்களிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாளோ, இந்த மனுசன் அம்மாவின் மண்ணை விட்டு வராது என்று அவளாகவே முடிவெடுத்துவிட்டாளோ, தெரியவில்லை. கேளாத கேள்விக்கு நானாகப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்த முறை அம்மாவைக் கேள் என்று தள்ளிவிட ஆளும் இல்லை. வாறன் என்கிற பதிலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி இருப்பேன்.

“சாப்பிட்டீங்களா அப்பா?”

“ஓம்.”

“மருந்துக் குளிசை போட்டீங்களா?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப வைக்கட்டே?”

“ஓம்” என்கிறேன்.