தரகரின் இடது கண்

பொய் பேசாத கல்யாணத் தரகர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்: ஸ்ரீவராகம் திரவியம் பிள்ளை. அவரை ஒருவரும் நம்பவில்லை.

சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருக்கு முகத்து நரம்பு அறுந்துவிட்டது. மறுபடி வளர்ந்தபோது, வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து வாயைத் திறந்தால் இடது கண் சிமிட்டும்.

“பையன் தங்கமாக்கும்” என்பார், கண்ணடித்தது போலிருக்கும்.

“வாயால சொல்ல முடியாதத கண்ணால சொல்லுதாரு” என்று பகவதியம்மாள் தன் மகளுக்கு வந்த நல்ல வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள்.

1954இல் ஒரு சர்ஜன் அந்த இழையை வெட்ட முன்வந்தார். தோலை மட்டும் மரக்கவைத்து, “எதாவது பேசிக்கிட்டே கிடக்கணும், கேட்டோ” என்றார். எந்த இழை கண்ணை இழுக்கிறது என்று பார்க்கத்தான். பிள்ளை கரமனை ஊர்ப் பையன் ஒருவனைப் புகழ ஆரம்பித்தார். பாதிப் புகழில் சிமிட்டல் நின்றது. “அந்தப் பையனுக்கு ஜோலி எங்க?” என்று நர்ஸ் விசாரித்தாள்.

காயம் ஆறியதும் வேறொரு வரனோடு பகவதியம்மாள் வீட்டுக்குப் போனார்.

“பையன் தங்கமாக்கும்.”

அவள் அந்தக் கண்ணையே உற்றுப் பார்த்தாள். அது அசையவில்லை. அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

பையன் சீட்டாடி வீட்டையே தோற்றவன். பிள்ளை சொன்ன முதல் பொய் அது.