மெத்தைக்கடை மாடியில் மறுஒலிபரப்பு

ஒருவர் திக்கித் திணறிச் சொன்னதை இன்னொருவர் அழகாகத் திருப்பிச் சொன்னால், அது சொன்னவருக்குச் செய்த உதவியா, அவர் கையிலிருந்து பிடுங்கியதா? குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுக்கும் ஒரு பெண்மணியை முன்னிட்டு இந்தக் கேள்வி எழுந்தது. அவர் அதை எழுப்பவில்லை. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை.

எதிர்முனையில் கத்துபவரைக் கத்தவிட்டு, முடிந்ததும் அதை ஒழுங்குபடுத்தித் திருப்பிச் சொல்வது அவர் வேலை. “அதாவது, பக்கத்து வீட்டுல தண்ணி வருது, உங்க வீட்டுல வரல. சரிங்களா? பதிவு பண்ணிக்கிட்டேன்.” தன் புகார் இத்தனை நியாயமானது என்று அதுவரை அறியாத மனிதர் சாந்தமாகிவிடுவார். தண்ணீர் வந்ததா என்பது வேறு பிரிவின் வேலை.

மாதம் ஒருமுறை, மாலையில், மெத்தைக்கடை மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து எதைப் பற்றியும் பேசலாம். கொட்டாவி ஏன் தொற்றுகிறது, ஒற்றைச் செருப்புகள் எங்கே போகின்றன, சட்டைப் பொத்தான் ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு மறுபக்கமும் இருப்பானேன் என்றெல்லாம் பேசியிருக்கிறார்கள். கேட்பவர்கள் விற்காத மெத்தைகள்மேல் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆகவே பேச்சு எங்கே சலிக்கிறது என்பது பேசுபவருக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். சபையே சரசரக்கும்.

முதலாளி முதல் கூட்டத்திலேயே தூங்கிப்போனார். சரக்குக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. விழித்ததும், இடம் கொடுத்தவர் என்ற முறையில், “என்ன சொன்னாரு?” என்று கேட்டார். யாராவது சொல்லியாக வேண்டியிருந்தது. அதுவே வழக்கமாயிற்று. பேச்சு முடிந்ததும் முதலாளியை எழுப்புவார்கள், கேட்டவர்களில் ஒருவர் எழுந்து சுருக்கிச் சொல்வார். இந்தப் பெண்மணி வந்துசேர்ந்த பிறகு அந்த ஒருவர் எப்போதும் இவர்தான். ‘மறுஒலிபரப்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

மறுஒலிபரப்பு மூலத்தைவிடத் தெளிவாக இருந்தது. பேசியவர் மறந்துபோன உதாரணம் அதில் இருக்கும். அவர் எடுக்கத் துணியாத முடிவும் இருக்கும். கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. பேச்சின்போது முதலாளியோடு சேர்ந்து கண்ணயரவும் சிலர் கற்றுக்கொண்டார்கள்.

நாய் படுப்பதற்கு முன் ஏன் வட்டமடிக்கிறது என்று கண்ணாடிக்கடைக்காரர் பேசிய மாலையில்தான் முதல் முணுமுணுப்பு கேட்டது. கூட்டம் கலையும்போது அவர் இவரிடம் வந்தார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா நான் பேசுனது அது இல்ல.”

“நீங்க சொல்ல வந்தது அதுதானே?”

“இருக்கலாம். ஆனா நான் ஃபிரேம்தான் குடுத்தேன். கண்ணாடி நீங்களா போட்டுக்கிட்டீங்க.”

இவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் கணவர் இருந்தார். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். வாக்கியங்களைத் தொடங்குவார், முடிக்க மாட்டார். முடிக்க வேண்டிய அவசியம் கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு வந்ததில்லை. “அந்த...” என்றால் “பீரோ மேல” என்று சமையலறையிலிருந்து பதில் வரும். “நாளைக்கு...” என்றால் “மழை வராது, கோட்டு வேணாம்.” பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கலே அதுதான். தப்பாக இருந்தால் திருத்துவதற்காகவாவது வாய் திறந்திருப்பார்.

அந்த மனிதர் ஒருநாள் மெத்தைக்கடைக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். கதவைத் தட்டிவிட்டு நிற்பது என்பது தலைப்பு.

“அடுத்த கூட்டத்துல நான்தான்...”

“பேசப்போறீங்க. முதலாளி சொல்லிட்டாரு.”

“பாத்தியா, இதைத்தான் சொல்றேன்.” சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “ஒரு விஷயத்தையாவது நானே முடிக்கணும். அன்னைக்கு நீ எழுந்து சொல்லாத.”

“நான் எழலேன்னா விடுவாங்களா?”

“அப்ப நான் சொன்னதை மட்டும் சொல்லு. நீயா எதையும் சேக்காத.”

“நீங்க சொன்னதை மட்டும் சொல்றதுன்னா, எழுந்த வேகத்துல நான் உக்கார வேண்டியதுதான்.”

கணவர் சிரிக்கவில்லை. இவர் சிரித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கூட்டம் நடந்த மாலை கணவர் தலையணை அடுக்குக்கு முன்னால் நின்றார். நன்றாக ஆரம்பித்தார் என்று சொல்ல முடியாது. ஆரம்பித்தார். கதவைத் தட்டியவர்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வது, முதுகைத் திருப்பித் தெருவைப் பார்ப்பது, உள்ளே காலடி கேட்கிறதா என்று காதை வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சரசரப்பு கேட்டதும் வேகத்தைக் கூட்டினார். “ஆனா கவனிச்சுப் பாத்தா, தட்டின உடனே எல்லாருமே...” என்று வந்து நின்றார்.

பழக்கதோஷம். கண் மனைவியிடம் போயிற்று. வாக்கியத்தின் மீதி அங்கிருந்துதான் வர வேண்டும். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்த அத்தனை பிளாஸ்டிக்கும் சேர்ந்து பேசியது.

“அவ்வளவுதான்” என்று கணவர் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியை எழுப்பினார்கள். “என்ன சொன்னாரு?”

எல்லாத் தலைகளும் இவர் பக்கம் திரும்பின. இனிமேல்தான் பேச்சு என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. கணவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்தார்.

“நான் கவனிக்கல” என்றார். “அவரையே கேளுங்க.” உட்கார்ந்துவிட்டார்.

முதலாளிக்கு முழு விழிப்பு வந்தது. “நீங்களே கவனிக்கலையா? அப்ப வேற யாருதான் கவனிச்சீங்க?”

எப்படியும் மறுஒலிபரப்பு உண்டு என்று அத்தனை பேரும் அசட்டையாக இருந்திருக்கிறார்கள்.

“சரி சார், எனக்கு மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார் முதலாளி. “நான் முழிச்சுத்தான் இருக்கேன்.”

கணவர் எழுந்து அவரிடம் சொன்னார். மெத்தை வாங்க வந்தவர் நீளம் அகலம் சொல்வது போன்ற குரல்.

“தட்டின உடனே எல்லாருமே ஒரு அடி பின்னாடி போறோம் சார். உள்ள போகணும்னுதான் தட்டறோம். தட்டிட்டுப் பின்னாடி போறோம். அடுத்தவங்க வீடு, ஒரு மரியாதைன்னு நெனச்சிருந்தேன். ஆனா என் வீட்டுக் கதவத் தட்டினாலும் போறேன். ஏன்னு எனக்குத் தெரியல.”

முதலாளி காற்றில் ஒரு கதவைத் தட்டிப் பார்த்தார். “நானும்தான் போறேன்” என்றார்.

நல்ல பேச்சு என்று சொல்வதற்கில்லை. முடிந்த பேச்சு. சரசரப்பு இல்லை.

படியில் இறங்கும்போது கண்ணாடிக்கடைக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். “நான் பேசும்போது எந்த எடத்துல இருமினேங்கறது வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கற ஆளு நீங்க. நெசமாவே கவனிக்கலையா?”

“அதாவது, நான் நெசமாவே கவனிக்கலையான்னு கேக்கறீங்க. சரிங்களா?”

“ஆமா.”

“பதிவு பண்ணிக்கிட்டேன்” என்றார். கீழே கணவர் காத்திருந்தார்.