அடிக்குறிப்பில் இருந்த பெயர்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒப்பாரி என்றால் செத்தவர் பெயரைச் சொல்லித்தான் அழுவார்கள். பெயர் இல்லாவிட்டால் அது யாருக்கோ அழுத அழுகை. மலையகத்து டயகமவில் பிறந்த எனக்கு இது தெரியும். பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்த விரிவுரையாளருக்கும் தெரியும்; என் ஆய்வேட்டில் நான்தான் எழுதிக் கொடுத்தேனே.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எழுதிய ஆய்வேடு அது. அதற்காக அம்மாவின் தங்கையிடம், என் சின்னம்மாவிடம், ஒரு பாட்டைக் கேட்டேன். காய்ச்சலில் போன தன் மகளுக்காக அவள் அழுத பாட்டு. பிறப்பைப் பதிவதற்குள்ளேயே அந்தப் பிள்ளை போய்விட்டது. புதைத்த இடத்திலும் பிற்பாடு தேயிலை நட்டுவிட்டார்கள்.

"எழுதிக்க புள்ள. ஆனா அவ பேர மட்டும் எடுத்துறாத. வேற எங்கயும் அது இல்ல" என்றாள் சின்னம்மா.

நான் எடுக்கவில்லை. பாடியவர் யார், யாருக்காகப் பாடினார், எந்தத் தோட்டம் என்று அடிக்குறிப்பிலும் போட்டேன். அப்படிப் போடக் கற்றுத்தந்தவரே அந்த விரிவுரையாளர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். "ஒரு வரி எடுத்தாலும் ஆற்றை எண்டு போட வேணும். போடாட்டில் களவு" என்பார் வகுப்பில். யாருடையது என்று போடாமல் எடுத்தால் திருட்டு; அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து ஹட்டனில் ஒரு கடையில் அவருடைய நூலைப் பார்த்தேன். என் பக்கங்கள் அப்படியே இருந்தன, என் பெயர் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சின்னம்மாவின் பாட்டில் பிள்ளையின் பெயர் வந்த இடமெல்லாம் 'மகளே' என்று மாற்றியிருந்தார். கீழே 'மலையக நாட்டார் பாடல்' என்று போட்டிருந்தார்.

நேரிலேயே போய்க் கேட்டேன். "உது வாய்மொழிப் பாட்டுத்தானே பிள்ளை. ஆற்றை எண்டு போடுறது?" என்றார், தேநீரை ஆற்றிக்கொண்டே. அது எங்கள் மலைத் தேயிலை என்பதுகூட அன்றைக்கு எனக்குக் கோபமாக வந்தது.

"அழுதவங்க உயிரோட இருக்காங்க சேர்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பாட்டு ஒரு புத்தகத்தில் வந்த செய்தி அதற்குள் லயத்துக்குப் போய்விட்டது. சின்னம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "படிச்சுக் காட்டு புள்ள" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயரை நானே சேர்த்துப் படித்திருக்கலாம். ஆனால் அச்சில் இல்லாததை இருப்பதாகச் சொல்ல அவளிடம் எனக்கு மனம் வரவில்லை. இருந்தபடியே படித்தேன்.

கடைசி வரி வரைக்கும் அழாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "யாரு பெத்த புள்ளையோ, பாவம்."