பெயர் வெட்டிய படம்

ஏலக்காயைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோகிறார் ராஜமணி. முகம் சுளிக்கிறது. "மணமே இல்ல. மருந்த அடிச்சு அடிச்சுக் கெடுத்துப்புட்டாக." மலையிலிருந்து சரக்கோடு இறங்கி வந்தவர் மறுபேச்சில்லாமல் மூட்டையைக் கட்டுகிறார். போடி கடைவீதியில் மூன்று வருடமாக இதே கதைதான்.

சந்தேகம் இந்த மனுஷனுக்குக் கூடவே பிறந்தது. பால்காரர் பால் ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்கமாட்டார், பால்காரரின் கண்ணைத்தான் பார்ப்பார். எதிர்க்கடைக்காரனான என் கையால் ஒரு காபி வாங்கிக் குடிக்கவே அவருக்கு ஆறு வருடம் பிடித்தது.

போன தை மாதத்திலிருந்து அவருடைய வலது கை நடுங்குகிறது. வெறும் நடுக்கமா, பார்க்கின்சன் நோயா என்று பிரித்துச் சொல்ல, மூளையைப் படம் எடுத்து வரும்படி மதுரைக்கு அனுப்பினார்கள். அணுமருந்தை ஊசியில் ஏற்றி, நாலு மணி நேரம் காக்கவைத்து, தலையைச் சுற்றிவரும் கேமராவில் எடுத்தார்கள். பார்க்கின்சன் என்று வந்தது.

"நாலு மணி நேரம் எதுக்கு ஒக்கார வச்சாக? வேற எவன் படத்தையோ மாத்திக் குடுத்துட்டாக" என்று என்னிடம் அடித்துச் சொன்னார். சொன்ன குரலில் பயம்தான் இருந்தது.

ஏலக்காய் ஏலத்தில் வைக்கும் மாதிரிச் சரக்குக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் தோட்டத்துச் சரக்கு என்று தெரிந்தால் மதிப்பு மாறிவிடும். அதே முறைப்படி, படத்திலிருந்த தன் பெயரைக் கத்தரித்துவிட்டு, மனைவி முத்துமாரியம்மாளையும் என்னையும் கூட்டிக்கொண்டு தேனியில் வேறொரு டாக்டரிடம் போனார். மச்சினன் படம் என்றார். வலது கையைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல மூளையென்றால் இரண்டு பக்கமும் கமா போல ஒளிர வேண்டும், இதில் வால் அழிந்து புள்ளிதான் மிச்சம், பார்க்கின்சனேதான் என்றார். பிறகு கேட்டார்: "ஒங்க மச்சினருக்கு வாசன தெரியுதா? இந்த நோய்ல நெறையப் பேருக்குக் கை ஆடுறதுக்குப் பல வருசம் முன்னாடியே மூக்கு போயிருக்கும்."

மணமில்லை என்று ராஜமணி திருப்பியனுப்பியதெல்லாம் நல்ல சரக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது.

மெல்ல எழுந்தார். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மனைவியின் கொண்டையில் இருந்த மல்லிகைப் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். முத்துமாரியம்மாள் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.